ஒரு சோலியும் இல்லாமல்

அன்புள்ள அக்கா,

நான் கன்னியாகுமரி மாவட்டத்துக் குழித்துறைக்காரி. கல்யாணம் முடிந்து, கணவரின் வேலைக்காக ஜெர்மனியில் பான் நகரத்துக்கு வந்து சில மாதங்கள் ஆகின்றன. வீடு, சூப்பர் மார்க்கெட், மொழி வகுப்பு, இவ்வளவுதான் இதுவரை தெரியும். ரயில் ஏறினால் அரை மணி நேரத்தில் கொலோன். தனியாகப் போய்ப் பார்க்க ரொம்ப ஆசை. ஆனால் ஸ்டேஷன் வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன். பாஷை தெரியாது, வழி தவறிவிட்டால்? அம்மாவிடம் போனில் சொன்னால், "அங்க ஒனக்கு என்ன சோலி? ஞாயித்துக்கெழம மாப்பிள கூடப் போனா போராதா?" என்கிறாள். தனியாகப் போகலாமா? போய் என்னதான் செய்வது?

(பெயர் வேண்டாம்), பான்

அன்புள்ள தங்கைக்கு,

போகலாம். இந்த வாரமே போங்கள். ஞாயிறுக்குக் காத்திருக்க வேண்டாம். ஜெர்மனியில் ஞாயிறன்று கடைகள் அடைத்துக் கிடக்கும். செவ்வாய், புதன் என்று ஒரு வேலைநாளில், ஊர் தன்பாட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது போய் இறங்குங்கள்.

அம்மா கேட்டாளே "என்ன சோலி" என்று, ஸ்டேஷனிலிருந்து உங்களைத் திருப்பி அனுப்பியது அந்தக் கேள்விதான் என்று நினைக்கிறேன். நம் மாவட்டத்துப் பெண்கள் வெளியே போகாதவர்கள் இல்லை. நர்ஸ் வேலைக்கு எந்தெந்த நாட்டுக்கோ போனவர்கள். ஆனால் எங்கே போனாலும் ஒரு காரணம் கையில் இருக்க வேண்டும். ஆஸ்பத்திரி, கல்யாண ஜவுளி, பரீட்சை, நேர்ச்சை. சும்மா பார்க்கப் போனேன் என்று சொல்ல நமக்கு நாக்கு எழும்பாது. வழி தெரியாத பயத்தைவிட இந்தக் கூச்சம்தான் பெரிது. கொலோனில் உங்களை யாரும் கேட்கப் போவதில்லை.

குழித்துறைக்காரிக்குச் சொல்ல வேண்டுமா, நமக்குப் பக்கத்து நகரம் திருவனந்தபுரம். 1956 நவம்பர் 1 அன்று நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபின் அது வேறு மாநிலம், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அங்கே போவதென்றால் மெடிக்கல் காலேஜ், இல்லையென்றால் சாலைக் கம்போளம் என்ற கடைவீதி. படிப்பு முடிந்த வருடம் ஒரு சோலியும் இல்லாமல் தனியாகப் போனேன். தம்பானூரில் இறங்கினால் பஸ் போர்டெல்லாம் மலையாளம். பேசினால் புரியும், வாசிக்க வராது. கேட்டுக் கேட்டுத்தான் போனேன். கம்போளத்தில் ஒரு பாத்திரக் கடை. வெண்கல உருளிகளை நிறுத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். வாங்க வந்த அம்மா ஒருத்தி விளிம்பை விரலால் சுண்டிவிட்டு, தலையைச் சாய்த்து, ஓசை அடங்கும்வரை கேட்டாள். உதட்டைப் பிதுக்கி அடுத்ததை எடுக்கச் சொன்னாள். அதையும் சுண்டினாள். நான் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வீட்டாரோடு போயிருந்தால், "என்ன பராக்கு பாத்துட்டு நிக்க, பஸ்ஸு போயிரும்" என்று கையைப் பிடித்து இழுத்திருப்பார்கள்.

உங்களுக்கு ஒரு வசதி, எழுத்தாவது தெரிந்த எழுத்து. டிக்கெட்டை முதலிலேயே எடுத்துவிடுங்கள். ஸ்டேஷனில் தடுப்புக் கதவு கிடையாது, ஆனால் வண்டிக்குள் பரிசோதகர் வருவார். டிக்கெட் இல்லாவிட்டால் 60 யூரோ அபராதம். பிளாட்பாரத்தைக் கடைசி நிமிடத்தில் மாற்றுவதும் உண்டு. அறிவிப்பு புரியாவிட்டால் பரவாயில்லை, பிளாட்பாரத்தில் தொங்கும் பலகையைப் பாருங்கள், கூட்டம் எங்கே நகர்கிறது என்றும் பாருங்கள்.

கொலோனில் வழி தவறுவது கஷ்டம். பெரிய ஸ்டேஷனின் முன்வாசலைத் தாண்டினால் பேராலயம் எதிரே நிற்கும். அதன் இரட்டைக் கோபுரங்கள் 157 மீட்டர், நம் சுசீந்திரம் கோபுரத்தைப் போல நாலு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. எங்கே சுற்றினாலும் அந்தக் கோபுரத்தைத் தேடுங்கள், அதன் காலடியில்தான் உங்கள் ரயில். 1248இல் கட்டத் தொடங்கி, 16ஆம் நூற்றாண்டில் வேலை நின்று, பாதிக் கோபுரத்தின் மேல் பாரந்தூக்கி மட்டும் தலைமுறை தலைமுறையாக நின்றிருக்கிறது. மறுபடி 1842இல் ஆரம்பித்து 1880இல் முடித்தார்கள். திருவனந்தபுரத்தில் நேப்பியர் மியூசியம் கட்டி முடித்ததும் அதே 1880தான்.

உள்ளே போய், பீடத்துக்குப் பின்னால் இருக்கும் பொன் பேழையைப் பாருங்கள். டிசம்பரில் நம் பக்கம் வீட்டுக்கு வீடு கிறிஸ்துமஸ் குடில் கட்டி, ஒட்டகத்தோடு மூன்று ராஜாக்களை வைப்பார்களே, அவர்களுடைய எலும்புகள் என்று நம்பப்படுபவை அதற்குள் இருக்கின்றன. 1164இல் மிலானிலிருந்து கொண்டுவந்தார்கள். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். அடுத்த தடவை என்ன சோலி என்று கேட்கமாட்டாள்.

அப்புறம் ரைன் ஆற்றுப் பாலத்தில் நடந்து மறுகரைக்குப் போகலாம். பக்கத்திலேயே ரயில்கள் ஓடும். முதல் நாளுக்கு இது போதும். பார்க்க வேண்டிய இடங்கள் என்று பட்டியல் போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். அடுத்த வாரம் திரும்பப் போய், நடந்த தெருவிலேயே இன்னொரு தடவை நடங்கள். எந்த முக்கில் எந்தக் கடை என்று அப்போதுதான் பிடிபடும். ஒரு நகரத்தில் எனக்கு மிகவும் பிடித்த நாள் அந்த இரண்டாவது நாள்தான்.

ஸ்டேஷன் பக்கம் பிக்பாக்கெட் உண்டு, பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். கழிப்பறைக்குச் சில்லறை வேண்டும். போன் சார்ஜ் இருக்கட்டும், ஆனால் வழியெல்லாம் வீடியோ காலில் ஊருக்குக் காட்டிக்கொண்டே நடக்காதீர்கள், உங்கள் கண்ணுக்கு ஒன்றும் மிஞ்சாது.

போய் வந்து எழுதுங்கள். எந்த இடத்தில் ரொம்ப நேரம் நின்றீர்கள் என்று மட்டும் எழுதினாலும் சரி.

அன்புடன்,
அக்கா, நாகர்கோவில்