கணினி மூலை: ஒரு சரக்கு, மூன்று கட்டு

கேள்வி: அண்ணே, மாமாவின் பயறு கோடவுனுக்குப் பைத்தானில் ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். டெர்மினலில் ஒரு கட்டளை அடித்தால் இருப்புப் பட்டியல் கட்டம் கட்டி வரும். இப்போது கணக்குப்பிள்ளை எக்செல்லில் திறக்கிற மாதிரி வேண்டும் என்கிறார். ரங்கூனில் ஆப் எழுதும் அண்ணன் மகனோ, புரோகிராம்கள் தகவலைப் பரிமாறிக்கொள்ளும் 'ஜேசன்' (JSON) வடிவத்தில் கேட்கிறான். மாமாவுக்குப் பழைய கட்டமே போதும். ஆளுக்கொரு 'இஃப்' போட்டுப் போட்டு புரோகிராம் கந்தலாகிவிட்டது. என்ன செய்யலாம்?
- ஒரு வாசகர், மோல்மீன்

பதில்: தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் என் பழைய காயம் ஒன்று வலித்தது. பயின்னாவ் சந்தையில் ஒரு கடையில் கணக்கு எழுதிய காலம். நானும் இப்படித்தான் கட்டம் போட்டு அச்சடித்தேன். மாதக் கூட்டலுக்காக இன்னொரு ஸ்கிரிப்ட் அந்தக் கட்டத்தையே படித்து, 'இத்தனாவது எழுத்திலிருந்து ஐந்து எழுத்து எடை' என்று வெட்டி எடுக்கும். ஒருநாள் நீளமான பெயருள்ள வியாபாரி ஒருவர் வந்தார். அவர் பெயர் எடையை ஒரு எழுத்து வலப்பக்கம் தள்ளிவிட்டது. 12400 வீசை உளுந்து 1240 ஆனது. மீதிச் சரக்கு எங்கே என்று முதலாளி என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது.

கண்ணுக்குப் போட்ட கட்டத்தை இயந்திரத்துக்குத் தீனியாகக் கொடுத்தது என் தப்பு. உங்கள் கந்தலுக்குக் காரணமும் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது: கணக்குப் போடும் இடத்திலேயே பிரிண்ட்டும் செய்கிறீர்கள். அதை நிறுத்துங்கள். கணக்குப் போடும் பகுதி, சரக்கு, எடை, அலகு, தேதி என்று பெயரிட்ட பதிவுகளை மட்டும் திருப்பித் தரட்டும். கடைசியில் ஒரே ஒரு வாசல். கட்டமா, எக்செல் திறக்கும் சிஎஸ்வியா (CSV), ஜேசனா என்பதை அந்த வாசல் முடிவு செய்யும். ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தில் லிப்எக்ஸ்ஓ (libxo) என்றொரு நிரல் நூலகம் இதைத்தான் செய்கிறது. புரோகிராம் ஒவ்வொரு மதிப்பையும் பெயரோடு ஒருமுறை சொன்னால் போதும். சாதா எழுத்தாகவோ, எக்ஸ்எம்எல், ஜேசன், எச்டிஎம்எல் ஆகவோ அது எழுதிக் கொடுக்கும்.

வடிவத்துக்கு ஒரே ஆப்ஷன் வையுங்கள். நாளைக்கு நாலாவது ஆள் வந்தால் அதற்கு ஒரு மதிப்பு கூடும், அவ்வளவுதான். எந்தெந்தப் பத்தி (நெடுவரிசை) வேண்டும் என்று கேட்க இன்னொன்று. ஓடும் புரோகிராம்களைப் பட்டியல் போடும் யூனிக்ஸின் 'பிஎஸ்' (ps) கட்டளையில் இந்த வசதி ரொம்ப நாளாக இருக்கிறது. மாமாவுக்கு இரண்டு பத்தி போதும், கணக்குப்பிள்ளைக்கு எல்லாமும் வேண்டும்.

எண்ணை எண்ணாகவே கொடுங்கள். கட்டத்தில் '12,400 வீசை' அழகு. ஜேசனில் 12400 ஒரு புலம் (ஃபீல்ட்), அலகு வேறு புலம். அலகை விட்டுவிடாதீர்கள்: நம் வீசை பர்மாவில் 1.63 கிலோ. கிலோ என்று நினைத்து எடுத்துக்கொள்கிறவன் மூட்டை மூட்டையாகத் தவறுவான். தேதியும் 2025-03-07 என்ற வரிசையில் போகட்டும். 7/3 என்று எழுதினால் மார்ச்சா ஜூலையா என்று சண்டை வரும்.

கட்டம் கோணுகிறது என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் தமிழில் பெயர் போட்டால் கோணும். 'உளுந்து' நமக்கு நான்கு எழுத்து. பைத்தானிடம் நீளம் கேட்டால் 7 என்னும், எழுத்தைக் கோப்பில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையின் பைட் கணக்கில் 21. இட ஒதுக்கீடு எப்படிச் சரியாக வரும்? ஜேசனுக்கு இந்தத் தலைவலியே கிடையாது.

புலத்தின் பெயரை ஒருமுறை வெளியே கொடுத்துவிட்டால் மாற்றாதீர்கள், புதிதாகச் சேர்க்கலாம். புரோகிராமின் பதிப்புகளைப் பதிந்து வைக்கும் கிட்டில் (Git) 'ஸ்டேட்டஸ்' கட்டளைக்கு 'போர்சலின்' என்றொரு ஆப்ஷன் இருப்பதே, பதிப்பு மாறினாலும் வடிவம் மாறாது என்ற வாக்குக்காகத்தான். பெயர்தான் பீங்கான்!

அப்புறம், 'கோப்பு பழையது' போன்ற எச்சரிக்கைகள் முடிவோடு கலக்காமல், தனியான எரர் வழியில் (stderr) போகட்டும். ஜேசனுக்கு நடுவில் ஒரு வரி எச்சரிக்கை விழுந்தால் அண்ணன் மகன் உங்களுக்குத்தான் போன் செய்வான்.

கேள்வி: நீளமான ஜேசன் எழுதும்போது பாதியில் கரண்ட் போகிறது. கோப்பு முழுதும் வீணாகிறதே?
- ஒரு வாசகி, ரங்கூன்

பதில்: எல்லாவற்றையும் ஒரே அடைப்புக்குள் போட்டால், மூடும் அடைப்பு வராமல் மொத்தமும் செல்லாமல் போகும். ஒரு வரிக்கு ஒரு பதிவு என்று எழுதுங்கள். கடைசி வரி போனாலும், வட்டில் ஏறிய முந்தைய வரிகள் பிழைக்கும். மின்வெட்டு ஊரில் நான் வேறெதையும் சொல்ல மாட்டேன்.

கேள்வி: பர்மியப் பெயர்கள் மட்டும் அலங்கோலமாக வருகின்றன. ஜேசன்தான் காரணமா?
- ஒரு வாசகர், பெகு

பதில்: இல்லை, ஜாஜி (Zawgyi) என்ற பழைய பர்மிய எழுத்துருதான் காரணம். நாடு 2019 அக்டோபர் 1-ல் யூனிகோடுக்கு மாறினாலும் பழைய கோப்புகளில் ஜாஜி எழுத்து உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் ஒரே குறியெண்களை வெவ்வேறு விதமாகப் பயன்படுத்துவதால், யுடிஎஃப்-8 என்று எழுதியிருப்பதை வைத்து எது எது என்று சொல்ல முடியாது. உள்ளே வாங்கும்போதே மாற்றிவிடுங்கள். வெளியே போகும் வாசலில் மாற்ற நினைத்தால், ஏற்கெனவே யூனிகோடில் இருப்பதையும் சேர்த்துக் கெடுத்துவிடுவீர்கள்.