கேமராக் கேள்விகள்: மணல், கல், வன்னிமரம்

பதில் சொல்பவர்: காரைக்குடி ஸ்டுடியோக்காரர்

கேள்வி: ஜனவரியில் குடும்பத்தோடு ஜெய்சல்மேர் போகிறோம். முன்பு போய்வந்த என் கொழுந்தனார் எடுத்த மணல்மேட்டுப் படங்கள் எல்லாம் அழுக்குச் சாம்பல் நிறத்தில், தட்டையாக இருக்கின்றன. என் படங்களும் அப்படி ஆகாமல் இருக்க என்ன செய்வது?
- வாசகி, தேவகோட்டை

பதில்: சாம்பல் நிறத்துக்குக் கொழுந்தனார் பொறுப்பில்லை ஆச்சி. கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானி, எதிரே எது இருந்தாலும் அது நடுத்தர வெளிச்சம் என்றே கணக்குப் போடும். வெளுத்த மணலைக் காட்டினால் பயந்துபோய் படத்தை இருட்டாக்கிவிடும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை பிளஸ் ஒன்றில் வையுங்கள், மணல் மணலாக விழும்.

தட்டையாக இருப்பதற்குக் காரணம் மதிய வெயில். மணல்மேட்டுக்கு இரண்டு பக்கம் உண்டு. காற்று வரும் பக்கம் மெதுவாக ஏறும். மறுபக்கம் சடாரென்று இறங்கும், கிட்டத்தட்ட 34 பாகை சாய்வு. அதைத் தாண்டினால் உலர்ந்த மணல் நிற்காமல் சரிந்துவிடும். தார் பாலையில் மேடுகளை வளர்ப்பது கோடையில் தென்மேற்கிலிருந்து அடிக்கும் காற்று. அதனால் செங்குத்துப் பக்கம் பெரும்பாலும் வடகிழக்கைப் பார்த்திருக்கும். ஜனவரியில் சூரியன் தென்மேற்கில் இறங்கும்போது ஏறுபக்கம் பொன்னாகவும் இறங்குபக்கம் நிழலாகவும் பிரியும். நடுவே ஓடும் முகட்டுக்கோடுதான் உங்கள் படம்.

ஆனால் சாயங்காலம் ஜெய்சல்மேர் பக்கத்தில் இருக்கிற சாம் மணல்மேட்டில் ஒட்டகமும் ஜீப்பும் கூட்டமும்தான் இருக்கும்; காலடி படாத மணலுக்கு விடியற்காலையில் போங்கள். அப்போது சாய்வெயில் சின்னச் சின்ன மணல் அலைகளைத் தடவிக்கொண்டு போகும். குனிந்து, முழங்கால் உயரத்திலிருந்து எடுங்கள்.

ஒரு மதியத்தை ஆகல் கல்மரப் பூங்காவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நகரத்திலிருந்து பதினேழு கிலோமீட்டர் சொச்சம். சுமார் 18 கோடி ஆண்டு பழைய மரங்கள் அங்கே கல்லாகிக் கிடக்கின்றன. பாதுகாப்புக்காகச் சிலவற்றைக் கம்பிக்கூண்டுக்குள் வைத்திருப்பதால் முழுமரம் எடுக்க ஆசைப்படாமல், நெருங்கிப்போய் மரத்தின் இழைகளை எடுங்கள். நான் அந்தப் பக்கம் போனால் முதலில் போகிற இடம் இதுதான், மணலெல்லாம் அப்புறம்.

கேள்வி: பாலைவனத்தில் மணலைத் தவிர எடுக்க என்ன இருக்கிறது?
- வாசகர், புதுவயல்

பதில்: வன்னிமரம் இருக்கிறது. விஜயதசமிக்கு நம் ஊர்க் கோயில்களில் சாமி அம்பு போடுகிற அதே வன்னிதான். அங்கே அதற்குக் கேஜ்ரி என்று பேர், ராஜஸ்தானின் மாநில மரம். வேர் ஆழமாகப் போவதால் கோடையிலும் பச்சை மாறாது. வெற்றுத் தரையில் ஒற்றை வன்னி நின்றால் படத்தின் கீழ்ப்பகுதியில் அதைச் சின்னதாக வைத்துவிட்டு, மீதியை வானத்துக்குக் கொடுத்துவிடுங்கள். குளிர்காலத்தில் கீச்சன் என்கிற ஊருக்கு கர்கரா நாரைகள் ஆயிரக்கணக்கில் வரும். கானமயில் கண்ணில் பட்டால் உங்கள் அதிர்ஷ்டம். அழிவின் விளிம்பில் இருக்கிற பறவை; வண்டியை விட்டுத் துரத்திக்கொண்டு போய்ப் படம் எடுக்கிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

கேள்வி: கல்லூரியில் படிக்கிறேன். ராஜஸ்தான் போக வசதியில்லை. நம் பக்கத்தில் நிலக்காட்சி எடுத்துப் பழக முடியுமா?
- வாசகர், பள்ளத்தூர்

பதில்: தம்பி, நம் காலடியில் இருப்பது செம்புராங்கல். மழையும் வெயிலும் மாறி மாறி வந்து சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு போக, இரும்பும் அலுமினியமும் தங்கிப்போன மண். வெட்டும்போது இளகி இருக்கும், காற்றுப் பட்டதும் இறுகும். மழை விட்ட அரை மணி நேரத்துக்குள் ஒரு பொட்டலுக்குப் போ. ஈரத்தில் சிவப்பு இரண்டு மடங்காகத் தெரியும். லென்ஸ் முன்னால் மாட்டுகிற போலரைசர் கண்ணாடி போட்டு மினுமினுப்பை வெட்டிவிடு. கோடையில் வற்றிய கண்மாய்க்குள் இறங்கினால் வெடிப்புகள் கிடைக்கும். திருமயம் பாறையில் சாயங்காலம் ஏறிப்பார், வெங்காயச் சருகு போல மேல்தோல் உரிந்திருப்பது தெரியும். கல் சூடேறிக் குளிர்வதும் அதற்கு ஒரு காரணம். மணல்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் சாத்தான்குளம் பக்கம் தேரிக்காட்டுக்குப் பஸ் ஏறு. செக்கச்சிவந்த மணல்மேடு, நடுவே பனை. இந்த மாதிரி ராஜஸ்தானிலும் கிடைக்காது.

கேள்வி: மணல் காற்றில் லென்ஸ் மாற்றலாமா?
- வாசகர், கானாடுகாத்தான்

பதில்: கூடாது. ஒரே ஜூம் லென்ஸை மாட்டிக்கொண்டு போங்கள். மணல் ஒட்டினால் துணியால் துடைக்காதீர்கள், கண்ணாடியில் கீறல் விழும். முதலில், அமுக்கினால் காற்று வருகிற ரப்பர் ஊதுபந்தால் ஊதுங்கள்.