தாத்தாவின் ராணுவச் சின்னத்தை அடையாளம் காண்பது எப்படி?

இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் இருந்த தாத்தாவின் படத்தையும் பேட்ஜையும் கண்ணாடிப் பெட்டியில் வைக்க, அவர் எந்தப் பிரிவு என்று கேட்டிருக்கிறீர்கள். தொப்பி பேட்ஜ் ரெஜிமென்டை, அதாவது அவர் சேர்ந்த படைப்பிரிவைச் சொல்லும். தோள்பட்டைத் துணிச்சின்னம் டிவிஷனை, அதாவது பல ரெஜிமென்டுகளின் வீரர்கள் சேர்ந்து போரிட்ட பெரிய படையைச் சொல்லும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கறுப்புப் பூனை என்றால் 17-வது இந்திய டிவிஷன், தங்க அம்பு 7-வது. 5-வதுக்குக் கறுப்பில் சிவப்பு வட்டம். இங்கேதான் சிக்கல்: கறுப்பு-வெள்ளைப் படத்தில் சிவப்பும் கறுப்பாகவே விழலாம், வட்டமே தெரியாமல் போகலாம். லென்ஸ் வைத்து விளிம்பைப் பாருங்கள். அப்புறம், பேட்ஜின் உச்சியில் கிரீடம் இருக்கிறதா? இருந்தால் அது பிரிட்டிஷ் காலத்து வடிவம். அசோகச் சிங்கம் இருந்தால் அது 1950-க்குப் பிந்தையது. பர்மா படத்துக்குப் பக்கத்தில் வைத்தால் பொருந்தாது. பேட்ஜைக் கடையில் புதிதாக வாங்குபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இதில்தான். பித்தளையைப் பளபளவென்று தேய்த்துவிடாதீர்கள், எழுத்து மழுங்கிவிடும்.