பூக்களின் பள்ளத்தாக்கில் படம் எடுத்த மலர்களின் பெயரை எப்படிக் கண்டுபிடிப்பது?

உத்தராகண்டின் பூக்களின் பள்ளத்தாக்கில் எடுத்த படங்களை நிறவாரியாகப் பிரித்து வைத்திருப்பதாகச் சொல்லி, ஒரு நீலப்பூவில் தொடங்கிச் சிலவற்றின் பெயரைக் கேட்கிறீர்கள். அங்கேதான் சிக்கல். ஆகஸ்டில் அந்தச் சரிவுகளில் ஊதாவிலேயே எத்தனையோ வகை பூத்துக் கிடக்கும். பூவின் முகத்தை மட்டும் காட்டும் படம் வாழ்த்து அட்டைக்கு உதவும். பெயர் தெரிய இலை, தண்டு, பூவின் பின்புறம் மூன்றும் வேண்டும்.

நீங்கள் முதலில் கேட்ட நீலப்பூவையே எடுத்துக்கொள்வோம். தண்டிலும் இலையிலும் முள் இருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முள்ளும், பெரும்பாலும் நான்கு மெல்லிய இதழ்களும், நடுவில் மஞ்சள் மகரந்தத் தாள்களும் இருந்தால் அது நீல பாப்பி (மெக்கனாப்சிஸ் அக்குலியாட்டா). கசகசாச் செடியின் உறவு. ஒருமுறை பூத்துக் காய்த்ததும் செடியே மடிந்துவிடும். முள் இல்லாமல், ஐந்து இதழ்களில் கோடுகளும் ஆழமாகப் பிளந்த இலையும் தெரிந்தால் ஜெரேனியமாக இருக்கலாம். பூவின் மேல்பகுதி முக்காடு போட்டதுபோல் கவிந்திருந்தால் அக்கோனைட். சித்த மருத்துவர்கள் சொல்லும் வசநாபியின் இனம், கொடிய நஞ்சு. பறித்துப் பார்க்கும் ஆசை வேண்டாம். பூவின் பின்னால் வால்போல் நீண்டிருந்தால் டெல்பினியம்.

ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடந்த இளஞ்சிவப்புப் பூ அநேகமாக இம்பேஷன்ஸ் சல்கேட்டா. நம் வீட்டுக் காசித்தும்பையின் பேரினம்தான் (நெருங்கிய உறவுள்ள வகைகளின் தொகுதி). முற்றிய காயைத் தொட்டால் இதுவும் வெடிக்கும்.

பிரம்ம கமலம் என்று நீங்கள் குறித்திருப்பதை மட்டும் மறுபடி பாருங்கள். அதற்குப் பெரும்பாலும் பள்ளத்தாக்கின் அருகே உயரத்தில் இருக்கும் ஹேம்குண்ட் ஏரிப் பக்கம், சுமார் 4,000 மீட்டர் உயரத்துக்கு ஏறியிருக்க வேண்டும். வெளிறிய, காகிதம் போன்ற உறைக்குள் கருஊதாப் பூக்கொத்து இருக்கும், சூரியகாந்திக் குடும்பம். சென்னை மொட்டைமாடிகளில் இரவில் பூத்து, அதே பெயரில் அக்கம்பக்கத்தாரை எல்லாம் கூட்டிவிடுவது அமெரிக்கக் கண்டத்துக் கள்ளிச்செடி. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

மீதிப் படங்களை, எடுத்த உயரம், தேதியோடு, உயிரினப் படங்களுக்குப் பலரும் சேர்ந்து பெயர் கண்டுசொல்லும் ஐநேச்சுரலிஸ்ட் (iNaturalist) தளத்தில் ஏற்றுங்கள். இமயமலைத் தாவரங்களை நன்கு அறிந்தவர்கள் அங்கே பார்க்கிறார்கள். இலையே தெரியாத படமென்றால் பேரினப் பெயரோடு நிறுத்திக்கொள்வதுதான் நேர்மை. நீலப்பூவின் தண்டு தெரியும் படம் இருந்தால் இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.