தடய அறிவியல் வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கு: கொங்குப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

பதில் சொல்பவர் மண்டலத் தடய அறிவியல் கூடத்தில் நச்சியல், உயிரியல் பிரிவுகளில் பணியாற்றியவர். கேட்டவர்களின் ஊரும் படிப்பும் மட்டும் குறிப்பிடப்பட்டுள்ளன.

கோபிசெட்டிபாளையம், பிளஸ் டூ மாணவி: மேடமுங்க, பி.எஸ்சி. ஃபாரன்சிக் சயின்ஸ் சேரலாமுங்களா? இல்லாட்டி கெமிஸ்ட்ரி எடுத்துட்டு அப்புறமா மாறிக்கலாமுங்களா?

கண்ணு, என் யோசனை இதுதான்: இளநிலையில் வேதியியல், இயற்பியல், விலங்கியல், தாவரவியல், பயோடெக்னாலஜி என்று ஏதாவது ஓர் அடிப்படை அறிவியலைப் படி. முதுநிலையில் தடய அறிவியலுக்கு வா. கூடத்தில் வேலை பிரிவு பிரிவாகத்தான் நடக்கும். நச்சியலுக்கும் போதைப்பொருளுக்கும் வேதியியல் வேண்டும். துப்பாக்கி, கண்ணாடி, பெயின்ட், வெடிபொருள் பக்கம் இயற்பியல் ஆட்கள் இருப்பார்கள். டி.என்.ஏ., ரத்தம், முடி, எலும்பெல்லாம் உயிரியல் படித்தவர்கள் கைக்குப் போகும். மூன்று வருடத்தில் எல்லாவற்றையும் மேலோட்டமாகத் தொட்டுவிட்டு வந்தவர், ஒரு கருவியை முழுசாகத் தெரிந்து வந்தவரிடம் பின்தங்கிப் போகிறார்.

இளநிலையிலேயே ஃபாரன்சிக்தான் வேண்டும் என்றால், கல்லூரிக்கு நேரில் போய் ஆய்வகத்தைப் பார். கம்பேரிசன் மைக்ரோஸ்கோப் (இரண்டு மாதிரிகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் நுண்ணோக்கி) இருக்கிறதா, அதில் மாணவர்கள் கை வைக்கிறார்களா, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பிராக்டிகல் என்று கேள். விளம்பரப் படத்தில் மஞ்சள் டேப் கட்டியிருப்பதைப் பார்த்துப் பணம் கட்டாதே. காந்திநகரில் இருக்கும் தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகம் 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. அங்கே நுழைவுத் தேர்வு உண்டு. முதுநிலை முடித்தபின் எழுதும், கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான யு.ஜி.சி. நெட் தேர்விலும் தடய அறிவியல் தனிப் பாடம்.

திருப்பூர், பனியன் கம்பெனி நடத்தும் ஒரு தகப்பனார்: புள்ளைய இந்த வேலைக்கு அனுப்பலாமுங்களா? இது போலீஸ் வேலைதானுங்களே?

இல்லைங்க. தமிழ்நாட்டில் தடய அறிவியல் துறை உள்துறையின் கீழ் வந்தாலும் காவல்துறைக்குள் அடங்கியது இல்லை. 1849-ல் சென்னையில் தொடங்கிய ரசாயனப் பரிசோதகர் கூடத்திலிருந்து வளர்ந்தது இது. தலைமையகம் சென்னை. நம் பக்கத்தில் கோயம்புத்தூரிலும் சேலத்திலும் மண்டலக் கூடங்கள் இருக்கின்றன. இளநிலை அறிவியல் அலுவலர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு நடத்துகிறது. கைரேகைப் பிரிவுதான் காவல்துறைக்குள் இருக்கிறது. அதற்கான எஸ்.ஐ. தேர்வைச் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்துகிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டு தப்பான அறிவிக்கைக்காக வருடக்கணக்கில் காத்திருக்கிற பிள்ளைகள் நிறைய. ஒவ்வொரு அறிவிக்கையிலும் எந்தப் பட்டம் கேட்கிறார்கள் என்பதை வரி வரியாகப் படியுங்கள். "இணையான பட்டம்" என்ற சொல் அதில் இல்லையென்றால், விண்ணப்பிக்கும் முன்பே எழுதிக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

இரவில் சம்பவ இடத்துக்குக் கூப்பிடுவார்கள், உண்மைதான். ஆனாலும் வேலையின் பெரும்பகுதி கூடத்துக்குள்ளேதான். பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், நன்றாகவே செய்கிறார்கள்.

பெருந்துறை, காவல் நிலைய எழுத்தர்: ரத்தக்கறைத் துணிய அனுப்புனா "ஆய்வுக்கு உகந்ததாக இல்லை"ன்னு திரும்பி வருதுங்க. எங்க தப்பு?

பெரும்பாலும் பையில்தான் தப்பு. ஈரத் துணியை பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டினால் உள்ளேயே வேர்த்துவிடும். நம் ஊர் சித்திரை வெயிலில் ஜீப்பில் ஒரு மதியம் கிடந்தாலே போதும், பாக்டீரியாவும் பூஞ்சையும் டி.என்.ஏ.வைத் தின்றுவிடும். நிழலில், காற்றில், சுத்தமான காகிதத்தின் மேல் விரித்து முழுசாகக் காய வையுங்கள். ஃபேன் காற்று நேராக அடிக்கக் கூடாது, வெயிலும் படக் கூடாது. காய்ந்ததும் மடிப்புக்கு நடுவே காகிதம் வைத்துக் காகித உறையில் போடுங்கள். ஒரு பொருளுக்கு ஓர் உறை. இறந்தவர் வேட்டியையும் எதிரியின் (குற்றம் சாட்டப்பட்டவரின்) சட்டையையும் ஒரே பையில் போட்டால் அந்த இரண்டுக்குமே மதிப்பில்லாமல் போய்விடும்.

தரையில் காய்ந்த கறை என்றால், பஞ்சுக் குச்சியை ஒரே ஒரு சொட்டு காய்ச்சி வடித்த நீரில் நனைத்து, கறையின் நடுவில் மட்டும் தேய்த்து எடுக்கவும். பக்கத்தில் கறை இல்லாத இடத்திலிருந்தும் அதேபோல் இன்னொரு குச்சி. இந்தக் கட்டுப்பாட்டு மாதிரி இல்லாமல் வருகிற வழக்குகள்தான் அதிகம். மண்ணில் கறை என்றால் ரத்தம் தோய்ந்த மண் தனியாக, சாதா மண் தனியாக.

கையுறையை ஒவ்வொரு பொருளுக்கும் மாற்ற வேண்டும். அரக்கு முத்திரையின் மாதிரிப் பதிவைக் கோரிக்கைக் கடிதத்தோடு சேர்த்து அனுப்புங்கள். பார்வை மகஜரில் (சம்பவ இடத்தில் கண்டதை எழுதும் ஆவணம்) "பழுப்பு நிறக் கறையுள்ள நீலக்கோடு போட்ட லுங்கி" என்று எழுதிவிட்டு உறையின் மேல் "கைலி 1" என்று எழுதினால், குறுக்கு விசாரணையில் அந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்தே மணிக்கணக்கில் கேட்பார்கள். கைப்பற்றிய வழக்குப் பொருள்கள் நீதிமன்றம் வழியாகத்தானே கூடத்துக்கு வருகின்றன? நிலையத்து அறையில் எத்தனை நாள் இருந்தது, யார் பொறுப்பில் இருந்தது என்பதைத் தேதியோடு குறித்து வையுங்கள்.

காங்கேயம், பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டு: வெத்தலை எச்சில் கறையும் ரத்தமும் பார்வைக்கு ஒண்ணாட்டமே இருக்குதே, எப்படிப் பிரிக்கிறதுங்க?

ரத்தமாக இருக்கலாமா என்று நிறம் வைத்துப் பார்க்கும் கேஸ்டில் மேயர் சோதனையிலிருந்து தொடங்கலாம். வரிசை மாறக் கூடாது. கறையை லேசாகத் தேய்த்த பஞ்சுக் குச்சியில் முதலில் ஒரு சொட்டு எத்தனால், அடுத்து ஒரு சொட்டு கேஸ்டில் மேயர் கரைசல். இங்கே நிறுத்திச் சில நொடி பார்க்க வேண்டும். இப்போதே இளஞ்சிவப்பு வந்தால் ஏதோ ஓர் ஆக்சிஜனேற்றி இருக்கிறது, அந்தச் சோதனை செல்லாது. நிறம் வராவிட்டால்தான் மூன்றாவதாக 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு. ரத்தமாக இருந்தால் நிறம் உடனே பளிச்சென்று வரும். அரை நிமிடம் கழித்து மெல்ல மெல்ல ஏறும் சிவப்பைக் கணக்கில் எடுக்கக் கூடாது, காற்றுப் பட்டாலே அப்படி ஆகும்.

சுண்ணாம்பின் காரத்தால் சிவந்துவிடாதா என்று கேட்பீர்கள். கரைசலில் இருப்பது ஃபீனால்ப்தலீனின் நிறமிழந்த, ஒடுக்கப்பட்ட வடிவம். அந்தக் கரைசலே காரமானதுதான், அதனால் சுண்ணாம்பு மட்டும் அதைச் சிவக்க வைக்காது. ஆனால் தாவரங்களில் இருக்கும் பெராக்சிடேஸ் நொதி பொய்யான விடையைத் தரக்கூடும். ரத்தம் பட்ட இடத்தை இருட்டில் ஒளிரச் செய்யும் லூமினாலுக்கும் இதே சிக்கல் உண்டு. பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிய தரை முழுக்க நீலமாக ஒளிரும். அதனால் "ரத்தமாக இருக்கலாம்" என்பதுவரைதான் இந்தச் சோதனை சொல்லும். ரத்தம்தான் என்பதற்கு டக்கயாமா படிகச் சோதனை, மனித ரத்தமா என்பதற்கு எதிர்ப்புரதச் சோதனை, யாருடையது என்பதற்கு டி.என்.ஏ. அறிக்கையில் ஒரு படி தாண்டி எழுதினாலும் அது பொய்ச் சாட்சிதான்.

பல்லடம், எம்.எஸ்சி. விலங்கியல்: கெணத்துல கெடந்த பொணம் உசுரோட விழுந்துச்சா, கொன்னுபோட்டு வீசுனதான்னு டயாட்டம் வெச்சு சொல்லலாமுங்களா?

துணை ஆதாரமாகச் சொல்லலாம். டயாட்டம் என்பது சிலிக்கா ஓடுள்ள நுண்பாசி. உயிரோடு நீரில் மூழ்குபவர் மூச்சிழுக்கும்போது நீர் நுரையீரலுக்குள் போய், இதயம் துடித்துக்கொண்டிருப்பதால் ரத்தத்தோடு எலும்பு மஜ்ஜை வரை போகிறது. செத்த உடம்பில் நுரையீரல்வரை நீர் இறங்கலாம், மஜ்ஜைக்குக் கொண்டுபோக ரத்த ஓட்டம் கிடையாது. அதனால்தான் உடையாத தொடை எலும்பையோ மார்பெலும்பையோ கேட்கிறோம். மஜ்ஜையை அடர் நைட்ரிக் அமிலத்தில் செரிக்க வைத்தால் திசு கரைந்துவிடும், ஓடு மட்டும் நிற்கும். மையவிலக்கில் சுற்றிக் கழுவி, 400 மடங்குப் பெருக்கத்தில் பார்க்கிறோம்.

இதில் கெடுவது பெரும்பாலும் நீர் மாதிரிதான். பிணத்தை எடுக்க வசதியாக மோட்டாரைப் போட்டுக் கிணற்றை இறைத்துவிடுகிறார்கள். அதற்கு முன்பே அதே கிணற்றிலிருந்து ஒரு லிட்டர், காய்ச்சி வடித்த நீரில் கழுவிய புதுப் புட்டியில் எடுத்துவிட வேண்டும். பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு) வாய்க்கால், கீழ்பவானி வாய்க்கால் என்றால் பிணம் ஒதுங்கிய இடத்திலும், விழுந்திருக்கலாம் என்று சந்தேகிக்கிற மேல்கை இடத்திலும் தனித்தனியாக எடுங்கள். மஜ்ஜையில் இருக்கும் வகைகள் எந்த நீரோடு ஒத்துப்போகின்றன என்பதில்தான் பல வழக்குகள் திரும்பும். எலும்பை அறுத்த கத்தியைக் குழாய்த் தண்ணீரில் கழுவினால் அந்தத் தண்ணீரின் டயாட்டமும் உள்ளே வரும். அமிலத்தின் வழியாகவும் வரலாம், ஆகவே அதை மட்டும் வைத்து ஒரு வெற்றுச் சோதனையும் கூடவே ஓட வேண்டும்.

போர்வெல் தண்ணீர் விட்ட தொட்டியில் டயாட்டம் அரிது. ஒன்றும் கிடைக்கவில்லை என்பதற்காக மூழ்கிச் சாகவில்லை என்று எழுதிவிட முடியாது.

நாமக்கல், எம்.எஸ்சி. வேதியியல்: நச்சியல் பிரிவுல என்ன வேலைங்க? நம்ம பக்கம் எந்த மாதிரி வருமுங்க?

பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் அனுப்பும் உள்ளுறுப்புகளில் நஞ்சைத் தேடுவது. வழக்கமாக இரைப்பையும் அதிலுள்ளதும், சிறுகுடலின் மேல்பகுதி சுமார் 30 செ.மீ. ஒரு புட்டியில், கல்லீரல் 500 கிராம், இரண்டு சிறுநீரகத்திலும் பாதிப் பாதி இன்னொரு புட்டியில், ரத்தம் தனியாக. பதப்படுத்த நிறைவுற்ற உப்புக் கரைசல். புட்டியை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது, வாயு சேர்ந்து மூடி தெறித்துவிடும். ஆல்கஹால் பார்க்க வேண்டிய ரத்தத்தில் சோடியம் ஃபுளோரைடு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நுண்ணுயிரே புட்டிக்குள் சாராயம் உண்டாக்கிவிடும். பயன்படுத்திய பதப்பொருளின் மாதிரியும் சேர்ந்து வர வேண்டும்.

விவசாயப் பூச்சிமருந்துகள்தான் எங்கும் அதிகம். கொங்குப் பகுதிக்கே உரியது சாணிப்பவுடர். வாசல் தெளிக்க விற்ற அந்தச் சாயப்பொடியில் மஞ்சள் நிறத்துக்கு ஆரமின், பச்சைக்கு மாலகைட் கிரீன். மெல்லடுக்கு நிறப்பிரிகையில் (கலவையில் உள்ளவற்றைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் சோதனை) நிறமே தெரிந்தாலும், கருவியில் உறுதிப்படுத்தாமல் எழுதக் கூடாது. எத்தனை குடும்பத்தைத் தின்ற பொடி அது. தடை போட்டும் எங்காவது விற்றால் தெரிந்தவர்கள் உடனே புகார் கொடுங்கள்.

பொள்ளாச்சி, ஊர்க்காவல் படை: தோப்புல செருப்புத் தடம் கெடச்சா என்ன பண்றதுங்க?

முதலில் படம். கேமரா தடத்துக்கு நேர் மேலே, ஸ்டாண்டில். அளவுகோல் தடத்தின் அடிமட்டத்துக்குச் சமமாக இருக்கணும், மேல் மண்ணில் வைத்தால் அளவு தப்பிவிடும். வெளிச்சத்தைத் தாழ்வாகச் சாய்த்து, நான்கு பக்கமும் மாற்றி மாற்றி எடுக்கவும். பிறகுதான் வார்ப்பு. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வேண்டாம், கழுவும்போதே தேய்ந்துபோகும். பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் டென்டல் ஸ்டோன் ஒரு கிலோவுக்கு 300 முதல் 350 மி.லி. தண்ணீர், ஜிப் பையிலேயே பிசைந்து தோசை மாவுப் பதம். தடத்தின் மேல் நேராக ஊற்றினால் நுணுக்கம் அழிந்துவிடும். ஓரத்தில் ஊற்றி ஓட விடவும். அரை மணி நேரத்தில் எடுக்கலாம். ஒட்டிய செம்மண்ணை அங்கேயே துடைக்காதீர்கள், அந்த மண்ணும் சான்றுதான். முழுசாக உலர ஒன்றிரண்டு நாள் ஆகும்.

கரூர், பி.எஸ்சி. மாணவர்: போஸ்ட்மார்ட்டம் நாங்க பண்ணலாமுங்களா?

முடியாது. அது எம்.பி.பி.எஸ். முடித்த மருத்துவர் வேலை. அதில் நிபுணராக வேண்டுமென்றால் தடய மருத்துவத்தில் எம்.டி. படிக்கணும்.

ஈரோடு, பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ்: சைபர் பக்கம் எப்படிங்க?

தனியாரில் வாய்ப்பு கூடுதலாக இருப்பது இதில்தான். ஹார்டு டிஸ்க்கை ரைட் பிளாக்கர் (அதில் எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் கருவி) வழியாக மட்டும் இணைத்து, முழு நகல் எடுத்து, மூலத்துக்கும் நகலுக்கும் ஹேஷ் எண் (தரவிலிருந்து கணக்கிடும், கைரேகை மாதிரியான அடையாள எண்) ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கப் பழகுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற புதுச் சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழில் அந்த ஹேஷ் எண்ணையும் எழுத வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் செல்போனைக் கிடைத்தவுடன் திறந்து நோண்டுவதுதான் பெரிய கேடு. நெட்வொர்க்கைத் துண்டித்து, சார்ஜ் இறங்காமல் பார்த்து, அப்படியே கொண்டுவாருங்கள்.

சேலம், எம்.எஸ்சி. ஃபாரன்சிக் முடித்தவர்: புதுச் சட்டத்தால வேலை கூடுமுங்களா? கோர்ட்டுல எதைக் கேப்பாங்க?

கூட வேண்டும். ஏழு வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடய நிபுணர் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதுக் குற்ற நடைமுறைச் சட்டம்) 176-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு. இதை நடைமுறைக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு ஐந்து வருடம்வரை அவகாசம் இருக்கிறது. நடமாடும் வண்டிக்கும் ஆள் வேண்டும், கூடத்துக்கும் வேண்டும்.

அதே சட்டத்தின் 329-ஆம் பிரிவின்படி அரசு நிபுணரின் அறிக்கையை நேரில் அழைக்காமலே சான்றாக ஏற்கலாம். ஆனாலும் நீதிமன்றம் கூப்பிட்டால் போகத்தான் வேண்டும். கேட்பது முடிவை மட்டும் இல்லை. உறை எந்த நாளில் வந்தது, முத்திரை முழுசாக இருந்ததா, கரைசலை யார் தயாரித்தார், கருவியை எப்போது சரிபார்த்தார்கள், மாதிரியில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கேட்பார்கள். ஞாபகத்திலிருந்து பதில் சொல்லாதீர்கள், பணிக்குறிப்பேட்டைப் பார்த்துச் சொல்ல அனுமதி கேளுங்கள். பக்கத்துக்குப் பக்கம் எண், தேதி, கையெழுத்து இருக்கட்டும். அடித்துத் திருத்தினால் ஒற்றைக் கோடு போட்டுப் பக்கத்தில் சுருக்கொப்பம், வெள்ளை மை ஒருநாளும் பூசாதீர்கள். தெரியாததற்கு "சோதிக்கவில்லை" என்று சொல்லிவிடலாம், வழக்கு அதனால் விழாது.

1991-ல் ராஜீவ் காந்தி குண்டுவெடிப்பில் கொல்லப்பட்ட ஸ்ரீபெரும்புதூரில் சிதறிக் கிடந்த துணித் துண்டு, ஒயர், பேட்டரித் துண்டு, எஃகுக் குண்டு இவற்றையெல்லாம் சேர்த்து வைத்துத்தான், தமிழ்நாட்டுத் தடய அறிவியல் கூடத்தின் இயக்குநராக இருந்த பி.சந்திரசேகரன் அது உடம்பில் கட்டிய பெல்ட் வெடிகுண்டு என்று மறுகட்டமைத்துக் காட்டினார். எந்தத் துண்டு எங்கே கிடந்தது என்ற குறிப்பு இல்லாமல் அது நடந்திருக்காது. தேர்வுக்குப் படிக்கும்போதே ஆய்வகக் குறிப்பேட்டை அந்தக் கவனத்தோடு எழுதிப் பழகுங்கள்.