கழுவும் தண்ணீர், மாட்டு எரு, காய்கறிக் கூடை: சிறு விவசாயிகளின் கேள்விகளுக்குப் பதில்கள்

காய்கறி, கீரை சாகுபடிக்குப் புதிதாக வந்தவர்களும் குத்தகை நிலத்தில் சிறிய முதலீட்டில் பயிர் வைப்பவர்களும் கேட்ட சில கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

கீரையைத் தொட்டியில் நன்றாக அலசித்தான் விற்கிறோம். அதற்குமேல் என்ன பயம்?

அலசினால் மண் போகும். இலையில் ஒட்டிய கிருமி முழுவதும் போகாது. அதைவிடப் பெரிய ஆபத்து, ஒரு கட்டில் இருந்த அழுக்கு அதே தொட்டித் தண்ணீர் வழியாக மற்ற எல்லாக் கட்டுகளுக்கும் பரவுவது. அந்தப் பரவலைத் தடுக்கத்தான் தண்ணீரில் குளோரின் சேர்க்கிறோம். ஏற்கெனவே கெட்டுப்போன கீரையை அது நல்லதாக்கிவிடாது.

அளவு இதுதான்: 5 சதவீதத் திரவக் குளோரின், 10 லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி. இது ஏறத்தாழ 100 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 100 பங்கு. வாசனை சேர்க்காத, காய்கறி கழுவப் பயன்படுத்தலாம் என்று லேபிளில் போட்டிருக்கும் திரவமாகப் பார்த்து வாங்குங்கள். தண்ணீரின் பிஎச் (அமில, கார அளவு) 6.5 முதல் 7.5 வரை இருக்க வேண்டும். அதற்குமேல் ஏறினால் குளோரின் வலுவிழக்கும். மிகவும் குறைந்தால் மூச்சை அடைக்கும் வாயு வரும். மண்ணும் இலைத்தூளும் சேரச் சேரக் குளோரின் தீர்ந்துகொண்டே போகும். காலையில் ஊற்றியது மதியம்வரை வேலை செய்யும் என்று நம்பாமல், குளோரின் அளவைக் காட்டும் பரிசோதனைத் தாளை அவ்வப்போது நனைத்துப் பாருங்கள். தண்ணீர் கலங்கினால் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். நாள்பட்ட பாட்டிலில் குளோரினின் வீரியம் குறைந்திருக்கும். வேறு எந்தச் சுத்திகரிப்புத் திரவத்தோடும் அதைக் கலக்கவே கூடாது.

தக்காளிக்குக் கூடுதல் கவனம் தேவை. வெயிலில் பறித்த சூடான பழத்தைக் குளிர்ந்த நீரில் போட்டால், உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, காம்புத் தழும்பு வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கிருமியும் கூடவே உள்ளே போய்விட்டால் பிறகு எந்தக் கழுவலும் உதவாது. கழுவும் நீர் பழத்தைவிட 5 அல்லது 6 டிகிரி செல்சியஸ் சூடாக இருப்பது பாதுகாப்பு. பழம் உலர்ந்து சுத்தமாக இருந்தால் கழுவாமல் விற்பதே நல்லது.

மாட்டு எரு, கோழி எரு போட்டபின் எத்தனை நாள் கழித்து அறுக்கலாம்?

மட்காத பச்சை எரு என்றால், உண்ணும் பகுதி மண்ணைத் தொடும் பயிருக்கு 120 நாள், தொடாத பயிருக்கு 90 நாள் இடைவெளி வேண்டும். அமெரிக்க இயற்கை விவசாய விதியில் உள்ள கணக்கு இது. மற்ற இடங்களிலும் நம்பிப் பின்பற்றலாம். 30 நாளில் அறுக்கும் கீரைக்கு இது ஒத்துவராது. ஆகவே பச்சை எருவை முந்தைய பயிருக்கே போட்டுவிடுங்கள்.

ஒரு வருஷமாக ஓரமாய்க் கிடக்கும் குவியலை மட்கு உரம் என்று எண்ணிவிடக் கூடாது. புரட்டிப் போடும் குவியலில் 55 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத சூடு 15 நாள் நிற்க வேண்டும். அதற்குள் குறைந்தது 5 முறை புரட்ட வேண்டும். நடுப்பகுதி கொதித்தாலும் ஓரம் குளிர்ந்தே கிடக்கும், அங்கே கிருமி பிழைத்துக்கொள்ளும். புரட்டச் சொல்வது அதனால்தான். நீளத் தண்டுள்ள வெப்பமானியைக் குவியலின் பல இடங்களில் செருகிப் பார்த்து, தேதியோடு எழுதி வையுங்கள். இத்தனையும் செய்துவிட்டுப் பச்சை எரு அள்ளிய அதே மண்வெட்டியால் மட்கிய உரத்தை அள்ளினால் பட்ட பாடெல்லாம் வீண். பச்சை எருக் குவியலிலிருந்து மழைநீர் வழிந்து வரும் பாதையிலும் மட்கிய உரத்தை வைக்காதீர்கள்.

கிணற்று நீர் தெளிவாகத்தான் இருக்கிறது. பரிசோதனை அவசியமா?

அவசியம். கிருமி கண்ணுக்குத் தெரியாது. காய்கறி கழுவவும் கை கழுவவும் எடுக்கும் நீரில், 100 மில்லியில் ஈ.கோலை (மலத்தின் வழியாகப் பரவும் குடல் கிருமி) ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டிலின் உள்பக்கத்தையும் மூடியின் உள்பக்கத்தையும் தொடாமல், குழாயைச் சில நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள். ஐஸில் வைத்து அன்றே கொடுத்துவிடுங்கள். வெள்ளம் புகுந்தாலோ, கிணற்றில் பழுது பார்த்தாலோ மறுபடி சோதிக்க வேண்டும்.

வாய்க்கால் நீரை ஒரு நாள் சோதித்தால் அந்த ஒரு நாள் நிலவரம்தான் தெரியும். 2018-இல் அமெரிக்காவின் யூமா பகுதியில் விளைந்த ரோமெய்ன் என்ற லெட்டூஸ் கீரையால் 210 பேர் நோயுற்றார்கள், 5 பேர் இறந்தார்கள். அதே ஈ.கோலை வகை அங்கிருந்த பாசன வாய்க்கால் நீரில் கண்டுபிடிக்கப்பட்டது. வாய்க்கால் நீர்தான் கதி என்றால் இலைமேல் தெளிக்காமல் சொட்டுநீராக வேருக்குக் கொடுங்கள்.

பாத்தியில் பறவை எச்சம், விலங்குச் சாணம் கிடந்தால்?

கழுவி விற்கலாம் என்று நினைக்காதீர்கள். அந்த இடத்தில் குச்சி நட்டுத் துணி கட்டிவிட்டு, சுற்றிலும் கொஞ்சம் தள்ளியே அறுங்கள். அறுவடைக்கு முன் வரப்பில் ஒரு நடை நடந்து பார்ப்பதை வழக்கமாக்குங்கள்.

கூடைகளில் தினமும் கிருமிநாசினி தெளிக்கிறோம். போதாதா?

அழுக்கின்மேல் தெளித்தால் பயனில்லை. முதலில் மண்ணைத் தட்டி அலசுங்கள். பிறகு சோப்புப் போட்டுத் தேய்த்து நல்ல நீரில் அலசி, அதற்குப் பின்னரே கிருமிநாசினி தெளியுங்கள். கடைசியில் கவிழ்த்துக் காயவிட வேண்டும். ஈரத்தோடு அடுக்கினால் மறுபடி கிருமி வளரும். 2011-இல் அமெரிக்காவின் கொலராடோவில் விளைந்த முலாம்பழங்களால் லிஸ்டீரியா என்ற கிருமி பரவி 33 பேர் இறந்தார்கள். சுத்தம் செய்யக் கடினமான பழைய கருவிகளும் தரையில் தேங்கிய தண்ணீரும் அதைப் பற்றிய ஆய்வில் காரணங்களாகச் சுட்டப்பட்டன.

கையில் பணம் குறைவு. எதில் முதலில் செலவழிப்பது?

கை கழுவும் இடத்தில். குழாய் வைத்த 20 லிட்டர் கேன், சோப்பு, ஒருமுறை துடைத்துப் போடும் தாள், கழிவுநீர் பிடிக்க ஒரு வாளி. இவற்றை வயலருகிலும் கழிப்பறை அருகிலும் வையுங்கள். மண் ஒட்டிய கையில் சானிடைசர் எடுபடாது. கையுறையும் அழுக்கானால் வெறும் கை போலத்தான். அடுத்த செலவு நீர்ப் பரிசோதனை.

வயிற்றுப்போக்கு உள்ளவர், அது நின்று 48 மணி நேரம் ஆகும்வரை காய்கறியைத் தொடக் கூடாது. ஆனால் கூலி போய்விடும் என்றால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். வேலி கட்டுவது போன்ற வேறு வேலை கொடுத்து, கூலியைப் பிடிக்காமல் இருந்தால்தான் இந்த விதி நடைமுறையில் நிற்கும்.

எங்கள் குழுவில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பயிற்சி எப்படி நடத்துவது?

கண்ணால் பார்க்க வையுங்கள். சூடான தக்காளியைச் சாயம் கலந்த ஐஸ் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டுவிட்டு, துடைத்து, காம்புப் பக்கமாக வெட்டிக் காட்டுங்கள். சாயம் உள்ளே இறங்கியிருக்கும். ஒருவர் கையில் மாவைத் தடவிவிட்டு வழக்கம்போல் வேலை செய்யச் சொல்லுங்கள்; கூடை, கத்தி, கீரை என்று மாவு போகும் வழி எல்லோருக்கும் தெரியும். அவரவர் நிலத்தைத் தரையில் கோடு போட்டு வரையச் சொல்லி, கிணறு, மாட்டுக் கொட்டில், கழிப்பறை, சரிவு நான்கையும் குறிக்க வையுங்கள். மழைநீர் எங்கிருந்து எங்கே ஓடும் என்று கேட்டால் பிரச்சினை இருக்கும் இடத்தை அவர்களே காட்டிவிடுவார்கள்.

பதிவேட்டுக்குப் படங்கள் போதும்: கூடைப் படம், குழாய்ப் படம், எதிரே தேதிவாரியாக ஒரு டிக். எந்தப் பாத்தியில் எந்த நாளில் அறுத்தது, யாருக்குக் கொடுத்தது என்பதை மட்டும் எழுதத் தெரிந்த ஒருவர் அன்றன்றே குறித்துவைக்க வேண்டும். புகார் வந்தால் முழு விளைச்சலையும் திரும்ப எடுக்காமல் அந்த ஒரு பாத்தியில் அறுத்ததை மட்டும் எடுக்கலாம்.