மாறுதல் போட்டுவிட்டால் முடிந்ததா? அரசு அலுவலகப் பாகுபாடும் சட்டமும்: கேள்வி பதில்

கொங்கு மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகள் இவை. ஆட்களும் அலுவலகங்களும் தெரியாதபடி சுருக்கப்பட்டுள்ளன.

அவினாசி பக்கமிருந்து: ஏனுங்க, எங்க ஊர் அரசுப் பள்ளியில சத்துணவு சமைக்கிற அம்மா அருந்ததியர். அவங்க சமைச்சா எங்க பிள்ளைக சாப்பிடாதுன்னு சில பேர் போய் கேட்டைப் பூட்டிட்டாங்க. வம்பு வேண்டாம்னு அதிகாரி அந்தம்மாவையே வேற பள்ளிக்கு மாத்திட்டாரு. இது சரிங்களா?

சரியில்லைங்க. பூட்டுப் போட்டவர்கள் வீட்டில் இருக்கிறார்கள், சமைத்தவர் பஸ் ஏறுகிறார். ஆனால் ஆணையில் சாதி என்ற சொல்லே இருக்காது. 'நிர்வாக நலன் கருதி' என்றுதான் இருக்கும். அதனால் முதல் வேலை, அந்த ஆணையின் நகலை வாங்கி வைத்துக்கொள்வது. வாய்மொழியாக "நாளைலருந்து அங்கே போம்மா" என்றால் போக வேண்டாம், எழுத்தில் தரச் சொல்லிக் கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். இந்த மாதிரி நேரத்தில் 'விருப்ப மாறுதல்' என்று ஒரு வெள்ளைத்தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். அதுதான் பொறி. ஏற்கெனவே போட்டிருந்தால், வற்புறுத்தலில் போட்டது என்று மறுநாளே பி.டி.ஓ.வுக்கும், கலெக்டரின் நேர்முக உதவியாளருக்கும் (சத்துணவு) பதிவுத் தபால் அனுப்புங்கள்.

பூட்டியவர்கள் மேல் 1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரும். 2015-ல் திருத்திய பிறகு, வேலை செய்ய விடாமல் தடுப்பது 3(1)(za) பிரிவிலும், ஊர்கூடிப் புறக்கணிப்பது 3(1)(zc) பிரிவிலும் குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. புகாரில் யார், எத்தனை மணிக்கு, என்ன வார்த்தை சொன்னார், யார் கேட்டார் என்று எழுதுங்கள். 'சாதியைச் சொல்லித் திட்டினார்கள்' என்று மொத்தமாக எழுதினால் வழக்கு நீதிமன்றத்தில் நொண்டும். சாதிச் சான்றிதழ் நகலையும் சேர்த்துக் கொடுங்கள்.

ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து 'விசாரிக்கிறோம்' என்பார்கள். 2018-ல் சேர்த்த 18ஏ பிரிவின்படி எஃப்.ஐ.ஆர். போட முதற்கட்ட விசாரணை தேவையே இல்லை. விசாரணை அதிகாரி டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையக்கூடாது, 60 நாளில் முடிக்க வேண்டும்.

மாற்றிய அதிகாரி மேலும் வழக்கு உண்டா என்று பலரும் கேட்கிறார்கள். கடமை தவறிய அரசு ஊழியருக்கான 4-ம் பிரிவு, இந்தச் சட்டம் சுமத்திய கடமையைச் செய்யாத, பட்டியல் சாதி, பழங்குடி அல்லாத ஊழியருக்கு உரியது. எஃப்.ஐ.ஆர். பதியாத இன்ஸ்பெக்டருக்கு நேராகப் பொருந்தும், அதற்கும் நிர்வாக விசாரணையின் பரிந்துரை வேண்டும். மாறுதல் ஆணையை உடைக்க வழி, உயர் நீதிமன்றத்தில் போடும் ரிட் மனு. அரசியலமைப்பின் 14, 16, 17 ஆகிய பிரிவுகளை வைத்துக் கேட்கலாம். 4-ம் பிரிவுப் புகாரையும் ரிட்டையும் ஒரே மனுவில் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஈரோடு: அரசு பஸ் ஓட்டுநர். விபத்தில் இடது கால் போயிடுச்சு. "விருப்ப ஓய்வு எழுதிக் கொடுங்க, இல்லைன்னா சம்பளம் கம்மியான வேலைதான்"ங்கறாங்க.

எழுதிக் கொடுக்காதீர்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 20(4): பணியில் இருக்கும்போது ஊனமுற்றவரை வேலையை விட்டு எடுக்கவோ பதவி இறக்கவோ அரசு நிறுவனத்துக்கு அதிகாரம் இல்லை. அதே சம்பள விகிதத்தில், அதே பணிப்பலன்களோடு வேறு வேலை தர வேண்டும். காலியிடம் இல்லையென்றால் கூடுதல் பணியிடம் ஒன்றை உருவாக்கி, பொருத்தமான இடம் கிடைக்கும்வரை அல்லது ஓய்வு வயதுவரை அதில் வைத்திருக்க வேண்டும்.

மெடிக்கல் போர்டு சான்றிதழின் வாசகத்தைப் பாருங்கள். 'ஓட்டுநர் பணிக்குத் தகுதியற்றவர்' என்பது வேறு, 'எப்பணிக்கும் தகுதியற்றவர்' என்பது வேறு. இரண்டாவது வந்திருந்தால் உடனே மறுபரிசோதனை கேளுங்கள். மாற்றுப் பணி கேட்கும் கடிதத்தில் பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு, சிகிச்சைக் காலத்தை எப்படி வரவு வைப்பார்கள் என்றும் கேளுங்கள். ஒவ்வொரு அரசு நிறுவனத்திலும் 23-ம் பிரிவின்படி குறைதீர்ப்பு அலுவலர் இருக்க வேண்டும். அவர் புகாரைப் பதிந்து இரண்டு வாரத்தில் விசாரிக்க வேண்டும். அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் மாவட்ட அளவிலான குழு, அதற்கு மேல் மாநில ஆணையர்.

தாராபுரம்: எங்க ஊர் அலுவலகத்துல சாய்தளம் கட்டியிருக்காங்க. எட்டடி நீளம். வீல்சேர்ல ஏறவே முடியலைங்க. படி மூணுதான்.

மூன்று படி, படிக்கு 15 செ.மீ. என்றால் உயரம் 45 செ.மீ. சரிவு 1:12 இருக்க வேண்டும். அப்படியானால் 540 செ.மீ., ஏறத்தாழ பதினெட்டடி நீளம் தேவை. எட்டடியில் கட்டினால் சரிவு 1:5 பக்கம் வந்துவிடும். தானாக உருட்டி ஏற முடியாது, பின்னாலிருந்து தள்ளுபவரும் வழுக்குவார். மூட்டை ஏற்றத்தான் ஆகும். அகலம் 120 செ.மீ., இரண்டு பக்கமும் கைப்பிடி, மேலே வண்டியைத் திருப்பச் சமதளம் வேண்டும். சாய்தளம் நேராகக் கதவில் போய் முட்டினால், கதவைத் திறக்கக் கையை விட்டதும் வண்டி பின்னால் உருளும். பாலிஷ் போட்ட கிரானைட் மழையில் சறுக்கும், சொரசொரப்பான தரை போடச் சொல்லுங்கள்.

டேப் வைத்து அளந்து, போட்டோவோடு மனு கொடுங்கள். பழைய பொதுக் கட்டடங்களையும் விதிகள் வந்த ஐந்தாண்டுக்குள் சரிசெய்யச் சொல்கிறது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 45-ம் பிரிவு. விதிகள் 2017 ஜூனில் வந்தன, 2022 ஜூனோடு கெடு முடிந்தது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமையில் மதிப்பீட்டு வரைபடத்தைக் கேளுங்கள். வரைபடத்தில் பதினெட்டடி, தரையில் எட்டடி என்றால் அது வேறு கதை.

கோவை: நான் காண்ட்ராக்ட் டேட்டா என்ட்ரி. மேலதிகாரி தொல்லை. "கமிட்டி பர்மனென்ட் ஆளுகளுக்குத்தான்"னு சொல்லி, என்னையே வேற மண்டலத்துக்குப் போகச் சொல்றாங்க.

பொய் சொல்கிறார்கள், அம்மணி. 2013-ம் ஆண்டுப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில் ஒப்பந்தம், தினக்கூலி, பயிற்சி எல்லாமே 'பணியாளர்'தான். கடைசியாக நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அலுவலகத்தின் உள்ளகப் புகார்க் குழுவிடம் எழுத்தில் புகார் தர வேண்டும். தாமதத்துக்குக் காரணம் சொன்னால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. ஆறு நகல், சாட்சிப் பட்டியல், வாட்ஸ்அப் இருந்தால் அதன் அச்சு. போனை மாற்றவோ மெசேஜை அழிக்கவோ வேண்டாம்.

குழுவில் தலைவர் மூத்த பெண் அதிகாரியா, குறைந்தது பாதிப்பேர் பெண்களா, வெளியிலிருந்து ஓர் உறுப்பினர் உண்டா என்று பாருங்கள். வெளி ஆள் இல்லாத குழு தரும் அறிக்கையை எதிர்த்தரப்பு பின்னால் எளிதாக உடைத்துவிடும். விசாரணைக்கு 90 நாள். நடுவில் இடமாறுதலோ மூன்று மாதம் வரை விடுப்போ கேட்கும் உரிமை உங்களுடையது. அவரை மாற்றச் சொல்லியும் கேட்கலாம். நீங்கள் கேட்காமல் உங்களைத் தூக்கிப் போட்டால், அதையும் புகாரில் ஒரு பத்தியாகச் சேருங்கள். சமரசம் நீங்கள் கேட்டால் மட்டுமே, அதிலும் பணம் பேசக்கூடாது. சமரசம் முடிந்தால் விசாரணை கிடையாது என்பதை மறக்க வேண்டாம்.

கோபி: சர்டிபிகேட்ல 'மாதாரி'ன்னு இருக்கு. அருந்ததியர் உள்ஒதுக்கீட்டுல வருங்களா?

வரும். 2009 சட்டத்தில் ஏழு பெயர்கள்: ஆதி ஆந்திரர், அருந்ததியர், சக்கிலியன், மாதாரி, மாதிகா, பகடை, தோட்டி. பட்டியல் சாதியினரின் 18 விழுக்காட்டுக்குள் 3. விண்ணப்பத்தில் வெறுமனே எஸ்.சி. என்று டிக் அடித்துவிட்டால் இந்த முன்னுரிமை கிடைக்காது, எஸ்.சி.(ஏ) என்று குறியுங்கள்.

பர்கூர் மலை, அந்தியூர்: கொல்லிமலையில மலையாளிகளுக்கு எஸ்.டி. தர்றாங்க. எங்களுக்கு ஏன் இல்லை?

பழங்குடிப் பட்டியலில் 'மலையாளி' என்ற பெயருக்குப் பக்கத்தில் மாவட்டப் பெயர்கள் இருக்கின்றன: தருமபுரி, வட ஆற்காடு, தென் ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், திருச்சிராப்பள்ளி. நாமக்கல் சேலத்திலிருந்து பிரிந்ததால் கொல்லிமலைக்குக் கிடைக்கிறது. ஈரோடு 1979-ல் கோவையிலிருந்து பிரிந்தது, கோவை அந்த வரியில் இல்லை. சமூகம் ஒன்றாக இருந்தாலும் மாவட்டக் கோடு வேறு. வருவாய்க் கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.) எத்தனை மனு போட்டாலும் அவர் தர முடியாது. நீதிமன்றமும் பட்டியலை விரிக்காது. 342-ம் பிரிவின்படி நாடாளுமன்றம்தான் திருத்த வேண்டும். எம்.பி.யைப் பிடிப்பதுதான் வழி.

சேலம்: முதல் திருமணத்தில் இரண்டு குழந்தைகள், அவர்கள் தந்தையிடம். மறுமணத்துக்குப் பின் மகப்பேறு விடுப்பு மறுக்கிறார்கள்.

தருமபுரி மாவட்ட அரசுப் பள்ளி ஆசிரியை உமாதேவியின் வழக்கு அச்சாக இதுதான். 2025 மே 23-ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு விடுப்புத் தர உத்தரவிட்டது. தீர்ப்பின் நகலை இணைத்து மனு போடுங்கள்.

கரூர்: ரிட் போடச் சென்னைக்குத்தானே வரணும்?

இல்லைங்க. ஈரோடு, கோவை, திருப்பூர், நாமக்கல், சேலத்துக்காரர்களுக்குத்தான் சென்னை. கரூர் மாவட்டம் மதுரைக் கிளையில் வருகிறது.